இனி சீட்டு மட்டுமே காவல்: எடை குறைக்கும் ஊசியும் நம் வீட்டுப் பெண்பிள்ளைகளும்

சில வாரங்களுக்கு முன் அஸர் தொழுகை முடிந்து வெளியே வரும்போது, நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தந்தை நம்மை ஓரமாக அழைத்துச் சென்று கைப்பேசியைக் காட்டினார். பல ஊர்களில் கிளைகள் வைத்திருக்கும் ஒரு மருந்துக் கடையின் பில் அது. வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் மவுஞ்சாரோ என்ற ஊசி மருந்தை வாங்கியிருக்கிறார். "ஹஜ்ரத், இது ஹலாலா? பன்றிக் கொழுப்பு எதுவும் சேர்ந்திருக்குமா?" என்று கேட்டார்.

யாருக்காக வாங்கினீர்கள் என்று கேட்டோம். மகளுக்காம். வயது 22. ஷவ்வால் மாதத்தில் நிக்காஹ். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார், "பிள்ளை உடம்பைக் கொஞ்சம் குறைச்சா நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். மருத்துவர் யாரையும் பார்க்கவில்லை. பெண்ணின் பெரியம்மா சர்க்கரை நோய்க்காக இதே மருந்தை எடுத்து வருகிறார். அவருடைய மருந்துச் சீட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். கடையிலிருந்து மருந்து வீட்டுக்கே வந்துவிட்டது.

பெரியம்மாவுக்கு எழுதியிருந்தது 7.5 மில்லிகிராம். 2.5-இல் தொடங்கி, பிறகு 5, அதன் பிறகே அவர் இந்த அளவுக்கு வந்தவர். இந்தப் பெண்ணோ முதல் ஊசியிலேயே 7.5 போட்டுக்கொண்டாள். மூன்று நாட்களாகக் குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. ஹராமான பொருள் உடம்பில் சேர்ந்ததால்தான் இப்படி ஆகிறதோ என்ற அச்சம் தந்தைக்கு வந்த பிறகே நம்மைத் தேடி வந்தார்.

ஹலால் ஹராமைப் பிறகு பேசலாம், முதலில் பிள்ளையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள் என்று அனுப்பி வைத்தோம். அல்லாஹ்வின் அருளால் ஒரு நாள் குளுக்கோஸ் ஏற்றியதோடு வீடு திரும்பினாள். அன்று அந்தத் தந்தைக்கு நின்றபடி சொன்ன பதில் போதாது என்று தோன்றியது. அவருடைய கேள்வி இப்போது பல வீடுகளில் இருப்பதால், நாம் படித்தும் மருத்துவர்களிடம் கேட்டும் அறிந்ததை எழுதுகிறோம்.

இது என்ன மருந்து?

சாப்பிட்டவுடன் நம் குடலில் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கிறது. கணையத்துக்கு இன்சுலின் சுரக்கச் சொல்வதும், வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்வதும் அதன் வேலைகள். அந்த ஹார்மோனைப் போலவே வேலை செய்து, உடம்பில் பல நாட்கள் தங்கும்படி உருவாக்கப்பட்ட மருந்துகள் இவை. டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க் நிறுவனத்துடைய செமாகுளூட்டைட், சர்க்கரை நோய்க்கு ஓசெம்பிக் என்றும் உடல் பருமனுக்கு வெகோவி என்றும் விற்பனையாகிறது. அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்துடைய டிர்செபடைட்தான் மவுஞ்சாரோ. இது இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

இந்தியாவில் மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலும், வெகோவி அதே ஆண்டு ஜூனிலும், ஓசெம்பிக் டிசம்பரிலும் விற்பனைக்கு வந்தன. இவற்றின் பலனை மறுக்க முடியாது. வெகோவியின் முக்கிய ஆய்வில், 68 வாரங்களில் சராசரியாக 15 சதவீத அளவுக்கு எடை குறைந்தது. மவுஞ்சாரோவின் உயர்ந்த அளவில் 72 வாரங்களில் 20 சதவீதம் வரை குறைந்தது. அதே வெகோவி ஆய்வில் பங்கேற்றவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. மருந்தை நிறுத்திய ஓராண்டுக்குள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்துவிட்டது. அதாவது, கல்யாணத்துக்கு முன் மூன்று மாதம் போட்டுவிட்டு விட்டுவிடும் மருந்தாக இது உருவாக்கப்படவில்லை. இரத்த அழுத்த மாத்திரையைப் போல நீண்ட காலம் எடுக்க வேண்டியது.

விலை என்ற காவல் விலகுகிறது

இதுவரை இந்த மருந்தைக் கண்டபடி வாங்காமல் நம்மைத் தடுத்தது பெரும்பாலும் விலைதான். மவுஞ்சாரோ அறிமுகமானபோது 2.5 மில்லிகிராம் குப்பி ஒன்று 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் குப்பி 4,375 ரூபாய். வாரத்துக்கு ஒரு குப்பி வேண்டும். அந்தக் கணக்கில் ஓராண்டுச் செலவு 2 லட்சத்தைத் தாண்டும். வெகோவி ஆரம்ப அளவுக்கே மாதம் 17,345 ரூபாய் என்று வந்தது. சில மாதங்களிலேயே, 2025 நவம்பரில், அதன் விலையை நிறுவனம் குறைத்தது.

இனி இன்னும் குறையும். இந்தியாவில் செமாகுளூட்டைட் மருந்தின் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான். டாக்டர் ரெட்டீஸ், சன் பார்மா, சைடஸ் போன்ற நம் நாட்டு நிறுவனங்கள் அதே மருந்தைச் சொந்தப் பெயரில் விற்க ஆயத்தமாயின. சர்க்கரை நோயாளிகளுக்கு இது நல்ல செய்தி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் சர்க்கரை நோய் ஆராய்ச்சி நிறுவனமும் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பெண்களில் 40 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அளவுக்கு மீறிய எடையோடு இருக்கிறார்கள். நெய்ச்சோறும் பிரியாணியும் உட்கார்ந்தே செய்யும் வேலையும் சேர்ந்த நம் வீடுகள் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை.

ஆனால் விலை இறங்கும்போது, பணம் இல்லாததால் வாங்காமல் இருந்தவர்கள் அனைவரும் வாங்கும் நிலைக்கு வருவார்கள். அப்போது தேவையுள்ளவரையும் தேவையில்லாதவரையும் பிரித்துக் காட்ட மிஞ்சுவது மருத்துவர் எழுதும் ஒரு துண்டுச் சீட்டு மட்டும்தான். அந்தச் சீட்டை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் நம் பிள்ளைகளின் நலன் இருக்கிறது.

ஹலாலா என்ற கேள்விக்குப் பதில்

செமாகுளூட்டைட் ஊசியின் மூலப்பொருள் ஈஸ்ட் நுண்ணுயிரைக் கொண்டு தயாரிக்கப்படுகிறது. டிர்செபடைட் வேதியியல் முறையில் உருவாக்கப்படுகிறது. இந்த ஊசிகளில் பன்றியிலிருந்து எடுக்கப்பட்ட பொருள் இல்லை. பல முறை போடும் மவுஞ்சாரோ பேனாவில் 'பென்சைல் ஆல்கஹால்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சிலர் பதறுகிறார்கள். அது மருந்து கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள். பெயரில் ஆல்கஹால் இருந்தாலும் அது போதை தரும் மது அல்ல.

நோன்பில் இதைப் போடலாமா என்றும் கேட்கிறார்கள். ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1997-இல் எடுத்த முடிவின்படி, உணவாக ஏற்றப்படும் திரவங்களைத் தவிர, தோலிலும் தசையிலும் நரம்பிலும் போடும் மருந்து ஊசிகள் நோன்பை முறிக்காது. இந்த ஊசி வாரம் ஒருமுறைதான் என்பதால், இஃப்தாருக்குப் பிறகு போட்டுக்கொண்டால் மனதில் எந்தச் சஞ்சலமும் இருக்காது. ஆனால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உள்ளவர் நோன்பு நோற்றால் உடம்பில் நீர் வற்றிவிடும். இன்சுலினோ வேறு சர்க்கரை மாத்திரைகளோ சேர்த்து எடுப்பவருக்குச் சர்க்கரை திடீரென இறங்கும் ஆபத்தும் உண்டு. எனவே ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் பேசி அளவை முடிவு செய்துகொள்ள வேண்டும். பசி தெரியாமல் நோன்பு வைக்கலாம் என்பதற்காகவே இந்த ஊசியைத் தேடுவது நோன்பின் நோக்கத்துக்கே பொருந்தாது.

ஆக, பொருளில் குறையில்லை. ஆனால் ஹலாலான பொருளையும் ஹராமான வழியில் வாங்க முடியும். அந்தத் தந்தை கேட்க மறந்த கேள்வி இதுதான்.

சீட்டு ஒரு சாட்சியம்

இவை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகள். மருந்து விதிகளின்படி சீட்டில் மருத்துவரின் பெயரும் கையொப்பமும் தேதியும், நோயாளியின் பெயரும் முகவரியும், மருந்தின் அளவும் இருக்க வேண்டும். பதிவு பெற்ற மருந்தாளுநரின் மேற்பார்வையில்தான் மருந்து கொடுக்கப்பட வேண்டும். மீண்டும் கொடுக்கலாம் என்று மருத்துவர் எழுதாதவரை, ஒரு சீட்டுக்கு ஒருமுறைதான். இந்தக் கடைசி விதி நம்மில் பலருக்குத் தெரியாது. பழைய சீட்டை மடித்துப் பணப்பையில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் மருந்து வாங்குகிறோம்.

மார்க்கத்தின் பார்வையில் சீட்டு என்பது ஒரு சாட்சியம். இன்னாரைப் பார்த்தேன், பரிசோதித்தேன், இவருக்கு இந்த மருந்து இந்த அளவில் தேவை என்று ஒருவர் தம் பெயரைப் போட்டுச் சொல்கிறார். பெரியம்மாவின் சீட்டில் மகளுக்கு வாங்கும்போது அந்தச் சாட்சியத்தைப் பொய்யாக்குகிறோம். மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து தீங்கு விளைந்தால் அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் நபிமொழி அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. சீட்டைக் கொடுத்துதவிய உறவினரும், படத்தைப் பார்த்ததும் கேள்வி கேட்காமல் பில் போட்டவரும் அதில் தங்கள் பங்கை யோசித்துப் பார்க்க வேண்டும்.

பெரிய மருந்துக் கடைகளில் நன்மைகள் உண்டு. குளிர்ப்பெட்டி வசதி, முறையான பில், எங்கிருந்து வந்த மருந்து என்ற பதிவு ஆகியவை அங்கே கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அங்கே தள்ளுபடியும் உறுப்பினர் அட்டையும் வீட்டு விநியோகமும் சேர்ந்து, மருந்தையும் மளிகையைப் போல வாங்கும் பழக்கத்தை நமக்கு ஏற்படுத்திவிட்டன. யாருக்கு மருந்து, முன்பு போட்டிருக்கிறாரா என்று மருந்தாளுநர் கேட்டால் நமக்குக் கோபம் வருகிறது. அப்படிக் கேட்பவர்தான் தம் அமானிதத்தை நிறைவேற்றுகிறார். நம் சமுதாய இளைஞர்கள் பலர் பி.ஃபார்ம் படித்து இந்தக் கடைகளில் பணிபுரிகிறார்கள். சீட்டில்லாமல் கேட்பவர் சொந்த மஹல்லாக்காரராக இருந்தாலும் இல்லை என்று சொல்லும் துணிவை அல்லாஹ் அவர்களுக்குத் தர வேண்டும்.

மணப்பெண்ணிடம் யாரும் சொல்லாதது

இந்த மருந்துக்கு எடை குறைப்பில் கொடுக்கப்பட்டுள்ள அனுமதி, உடல் நிறை குறியீடு 30 அல்லது அதற்கு மேல் இருப்பவர்களுக்கு. சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்ற துணை நோய் இருந்தால் 27 முதல். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் அந்தக் குறியீடு கிடைக்கும். நாம் சொன்ன பெண்ணின் உயரம் 158 சென்டிமீட்டர், எடை 63 கிலோ. குறியீடு 25-ஐச் சற்றே தாண்டுகிறது. முறையான மருத்துவரிடம் போயிருந்தால், உணவையும் நடையையும் பற்றிப் பேசி அனுப்பியிருப்பார்.

இதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. கர்ப்ப காலத்தில் இந்த மருந்துகளை எடுக்கக் கூடாது. செமாகுளூட்டைட் எடுப்பவர் கருத்தரிக்கத் திட்டமிடுவதற்குக் குறைந்தது 2 மாதங்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும் என்று மருந்தோடு வரும் குறிப்பே சொல்கிறது. மருந்து உடம்பிலிருந்து முழுதாக வெளியேற அவ்வளவு காலம் ஆகிறது. டிர்செபடைட்டில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மருந்தைத் தொடங்கும்போதும் அளவைக் கூட்டும்போதும் கருத்தடை மாத்திரையின் பலன் குறையக்கூடும். சினைப்பை நீர்க்கட்டியால் மாதவிலக்கு தவறிக்கொண்டிருந்த பெண்களுக்கு, எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பும் கூடுகிறது.

இப்போது நம் வீடுகளில் நடப்பதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். நிக்காஹ் நாள் வரைக்கும் ஊசி. வலீமா முடிந்த அடுத்த மாதமே "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று இரு வீட்டாரும் கேட்கத் தொடங்குவார்கள். அந்தப் பெண்ணின் உடம்பில் மருந்து இன்னும் இருக்கிறது என்பது கணவனுக்குத் தெரியாது. மாமியாருக்குத் தெரியவே கூடாது என்று மறைத்திருப்பார்கள். மருத்துவரைப் பார்க்காததால் அவளுக்கே தெரியாது. மருந்துச் சீட்டைக் கடந்து போனதன் விலையை அவளும், இன்னும் பிறக்காத ஒரு பிள்ளையும் சுமக்க நேரிடலாம். தீங்கு தடுக்கப்பட வேண்டும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. அது பொருந்தும் இடங்களில் இதைவிடத் தெளிவான இடம் நமக்குத் தெரியவில்லை.

பெண் பார்க்கப் போகும் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. எந்தக் காரணங்களுக்காகப் பெண்ணை மணக்கிறார்கள் என்று எண்ணிச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், மார்க்கப் பற்றையே தேர்ந்தெடுக்கும்படி பணித்ததை நிக்காஹ் மேடைகளில் நாம் சொல்லாத நாளில்லை. காபி குடித்துக்கொண்டே போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகும் ஒரு வார்த்தை, 22 வயதுப் பிள்ளையை மருத்துவமனைக் கட்டிலில் கிடத்தியதை நாம் கண்டோம்.

உண்மையில் தேவைப்படுபவர்கள் கூச வேண்டாம்

இதைப் படித்துவிட்டு, மருத்துவர் சொல்லி ஊசி போடும் ஒருவர் குற்ற உணர்வு கொண்டால் நம் நோக்கம் தவறியதாகிவிடும். வயிற்றை மூன்றாகப் பிரித்து உணவுக்கும் தண்ணீருக்கும் மூச்சுக்கும் இடம் விடும் நபிமொழியை எல்லோரும் அறிவோம். அதை எடுத்துக்கொண்டு பருமனாக இருப்பவரைக் குத்திக் காட்டுபவர்களையும் அறிவோம். உலக சுகாதார நிறுவனம் உடல் பருமனை நாட்பட்ட நோயாகவே கருதுகிறது. 2025 செப்டம்பரில் இந்த வகை மருந்துகளை, பருமனும் சேர்ந்த சர்க்கரை நோயாளிகளுக்கான அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. நோய்க்கு மருந்து தேடுவது நமக்குக் கற்பிக்கப்பட்ட வழிமுறை. அளவோடு உண்பதும் நமக்குக் கற்பிக்கப்பட்டதே. இரண்டில் ஒன்று மற்றொன்றை நீக்கிவிடாது.

செலவைப் பற்றியும் மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போன்ற விலை மலிவான மாத்திரைகள் இன்றும் உண்டு. அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடியே வருகின்றன. வட்டிக்கோ நகையை அடகு வைத்தோ நான்கு மாதம் ஊசி போட்டு, பணமில்லாமல் நிறுத்தி, எடை திரும்ப ஏறுவதில் யாருக்கும் பயனில்லை.

கடைக்குப் போகும்போது

சீட்டு யாருக்காக எழுதப்பட்டதோ அவருக்கு மட்டும் வாங்குங்கள். பேனாவில் அச்சிட்டுள்ள மில்லிகிராம் அளவும் சீட்டில் உள்ள அளவும் ஒன்றா என்று கடையிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் கொண்ட பில்லைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். போலி ஓசெம்பிக் பல நாடுகளில் பிடிபட்டதை அடுத்து உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரிக்கை வெளியிட்டது. இன்ஸ்டாகிராமிலும், தெரிந்தவர் வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்தது என்றும் வருவதைத் தொடாதீர்கள்.

பிரிக்காத மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வைக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் விநியோகப் பையில் சூடேறி வந்தால் திருப்பி அனுப்புங்கள். ஊசி மாற்றினாலும் ஒருவருடைய பேனாவை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது. வயிற்றில் கடுமையான வலி விடாமல் இருந்தால் அது கணைய அழற்சியாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தால், சீட்டு எழுதும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

நம் ஜமாஅத்துகள் நிக்காஹ் பதிவுக்கு வரும் பெண்பிள்ளைகளுக்குத் திருமண ஆலோசனை நடத்துகின்றன. அதில் ஒரு பெண் மருத்துவரை அழைத்து, இந்த மருந்துகளைப் பற்றியும் கர்ப்பத்தைப் பற்றியும் பதினைந்து நிமிடம் பேசச் சொல்லலாம். ஜும்ஆ பயானில் ஒரு வாரம் இதை எடுத்துச் சொல்ல நம் ஆலிம்களும் தயங்க வேண்டாம்.

அந்தத் தந்தை கடந்த வாரம் மீண்டும் வந்தார். மகள் நலமாக இருக்கிறாள், காலையில் உம்மாவோடு நடக்கப் போகிறாள் என்றார். மாப்பிள்ளை வீட்டாரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டாராம். மாப்பிள்ளையே பேசி, எடையைப் பற்றி இனி யாரும் பேசக் கூடாது என்று தம் வீட்டில் சொல்லியிருக்கிறார். மீதி மருந்தோடு இருந்த பேனாவைக் கடையில் திருப்பி எடுக்கவில்லை. போனது பணம் மட்டும்தானே என்றார் அவர், அல்ஹம்துலில்லாஹ்.

உடலை அமானிதமாகத் தந்த இறைவன், அதைப் பேணும் அறிவையும் நம் பிள்ளைகளுக்கு நலமான இல்லறத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.